வீலைச் சுற்றாதீர்கள்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திருப்பூரில் யாரும் மெக்கானிக்கைத் தேட மாட்டார்கள். சம்பளம் வாங்கிய கையோடு ஊரே கடைவீதிக்கு வந்துவிடும். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. ஒடிசாப் பையன்கள் செல்போன் கடையிலும் தேனிப் பக்கத்துப் பெண்கள் காய்கறித் தள்ளுவண்டியிலும் நிற்பார்கள். வாரம் முழுக்க ‘நூல் அறுக்குதுங்ணா’, ‘ஸ்கிப் அடிக்குதுங்ணா’ என்று அலறிக்கொண்டே இருக்கும் என் போன் அந்த ஒரு ராத்திரி சும்மா கிடக்கும். விடிந்தால் ஞாயிறு. 2022இலிருந்து இரண்டு வருஷம், அந்த ஞாயிறுகளில் பெரும்பாலானவற்றைக் கிளைகளுக்குக் கொடுத்தேன். தையல் மெஷின் மெக்கானிக்குகளான நாங்கள் வைத்திருக்கும் சங்கத்துக்கு அப்போது என்னைத் தலைவராகப் போட்டிருந்தார்கள்.

சங்கம் வைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. பனியன் முதலாளிகளின் ‘சைமா’ 1956இல் தொடங்கியது. தொழிலாளர் சங்கங்கள் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடத்தின. அப்போது கஞ்சித் தொட்டி வைத்துச் சமாளித்த கதையை என் அப்பா காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது 1990இல். நூல் ஒரு சட்டையாவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று எத்தனை கை மாறுகிறதோ அத்தனைக்கும் இங்கே ஒரு சங்கம், ஒரு லெட்டர்பேடு உண்டு. எங்களுடையது அதில் சின்னது. சொந்தக் கட்டடம் இல்லை. டீக்கடை மாடியிலும் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலிலும்தான் கூட்டம் நடக்கும்.

கிளைக்குத் தலைவர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். சால்வை, போட்டோ, சந்தா பாக்கி, யார் யாரைக் கூப்பிடவில்லை என்ற வருத்தம், பிரியாணி. முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் போய் வந்தேன். அதை மாற்றியது அவிநாசிக் கூட்டம்.

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் ரோட்டில் காலையில் போனால் காதைத் திறந்து வைத்துக்கொண்டே போகலாம். முதலில் அனுப்பர்பாளையம். பித்தளைக் குடமும் செம்புத் தவலையும் அடிக்கிற ஊர். ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு பட்டறையில் தட்டுச் சத்தம் கேட்கும். அதைத் தாண்டினால் திருமுருகன்பூண்டி. ரோட்டோரம் பாதி பிறந்த நந்திகளும் முகம் வராத அம்மன்களும் வரிசையாக நிற்க, உளிச் சத்தம். அடுத்து பனியன் கம்பெனிகள். அவை ஞாயிறு அன்று ஊமை. மெஷின் சத்தத்திலேயே வாழ்கிற எனக்கு அந்த மௌனம் ஒவ்வொரு தடவையும் என்னவோ செய்யும். ஒரு ஹாலில் இருநூறு மெஷின் ஓடும்போது எதில் டைமிங் தப்பியிருக்கிறது என்று வாசலில் நின்றே எங்களால் சொல்ல முடியும். சத்தம் இல்லாவிட்டால் கை இல்லாத மாதிரி.

அவிநாசியில் அன்று முப்பது பேர் வந்திருந்தார்கள். சால்வை முடிந்து, ‘வேற ஏதாச்சும் பேசோணுமா?’ என்று கிளைச் செயலாளர் கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அறுபதை நெருங்குகிறவர், ஓவர்லாக்கில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று பெயர்.

‘ஏனுங் தலைவரே, கஜாவுக்குப் போனமே, என்னத்தைப் பண்ணிப்போட்டு வந்தோம்?’

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வி என்னைக் குறித்ததுதான். 2018 நவம்பரில் அந்த வண்டியை ஏற்பாடு செய்தவன் நான்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 6. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை ஆட்கள் போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், திரும்பியும் திரும்பாமலும் இருந்த நேரம். 16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியது. அன்று காலை இங்கே கம்பெனி கேட்டில் பெண்கள் போனைக் காதில் வைத்தபடி நின்றதை நான் பார்த்தேன். மணி அடித்தும் உள்ளே போகவில்லை. யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. டெல்டாவின் தென்னந்தோப்பில் அடித்த காற்று திருப்பூரின் தையல் ஹாலில்தான் முதலில் அழுதது.

திருப்பூர்க்காரனுக்கு உதவி என்றால் கைக்கு முதலில் வருவது துணி. பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் கேட்டால் போதும், மூட்டை மூட்டையாகத் தருவார்கள். நல்ல மனசோடு தருவார்கள். நாங்களும் ஒரு லாரி நிறைய பனியனும் டி-ஷர்ட்டும் ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டை தாண்டிப் போனோம். வேரோடு சாய்ந்த தென்னைகள் ஒரே திசை பார்த்துக் கிடந்தன, கோரைப்பாய் விரித்த மாதிரி. ஒரு ஊரில் மூட்டையைப் பிரித்தபோது ஒரு பாட்டி வந்து ஒரு பனியனை எடுத்துப் பார்த்தார். கழுத்துப் பட்டியில் சின்ன எண்ணெய்க் கறை. அதனால்தான் அது எங்கள் கைக்கு வந்தது. மடித்து அப்படியே வைத்தார்.

‘துணி இருக்கு தம்பி. போட்டுக்கிட்டு ஒதுங்கத்தான் கூரை இல்ல. தார்ப்பாய் இருந்தா குடேன்.’

எங்களிடம் தார்ப்பாய் இல்லை. மெழுகுவத்தி இல்லை. கொசுவத்தி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் ரோட்டோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து மழையில் நனைந்து கிடந்ததைப் பேப்பரில் பார்த்து வருத்தப்பட்ட ஆள்தான் நான். பதினாலு வருஷம் கழித்து அதே காரியத்தை லாரி வாடகை கொடுத்துச் செய்திருந்தேன்.

அந்தப் பயணத்தில் நான் பார்த்த இன்னொன்றும் இருக்கிறது. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் விழுந்தன. அதை நிமிர்த்த மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்திருந்தார்கள்; பக்கத்து மாநிலத்துக்காரர்களும் வந்தார்கள். இடுப்பளவு வயல் தண்ணீரில் நின்று கம்பத்தைத் தோளில் சுமந்து நடவு வரப்பு தாண்டிப் போனார்கள். ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். அவர்கள் மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை. கயிறு, கட்டிங் பிளேயர், ஏறத் தெரிந்த கால், அவ்வளவுதான். ஒரு ஊரில் லைட் எரிந்தபோது எழுந்த சத்தத்தை நான் கேட்டேன். நாங்கள் மூட்டை பிரித்தபோது அப்படி ஒரு சத்தம் வரவில்லை.

அவிநாசிப் பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன், நாலு வருஷம் கழித்து. அவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: ‘அப்பறம் என்னுங்? நமக்குத் தெரிஞ்சது மெஷினுதானுங்களே.’

அன்று ராத்திரி ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு எந்தக் கிளைக்குப் போனாலும் சால்வை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, அந்த நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். பெயருக்கு எதிரே எந்த மெஷினில் கை நன்றாக ஓடும், சொந்தமாக என்ன டூல்ஸ் இருக்கிறது, அவசரம் என்றால் எத்தனை நாள் வீட்டை விட்டு வர முடியும் என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். மாதச் சம்பளத்தில் இருப்பவனுக்கு லீவு கிடைக்காது. தனியாக லைன் பார்க்கிறவனுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போச்சு. ‘பொண்டாட்டிகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க’ என்று எழுதாமல் விட்டவர்களை நான் மரியாதையாகவே நினைத்தேன். கேட்டுவிட்டுப் போன் பண்ணவும் செய்தார்கள்.

பெருமாநல்லூர், தாராபுரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல கூட்டம், நல்ல சாப்பாடு, நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. பல்லடத்தில்தான் நான் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது. அது விசைத்தறி ஊர். எங்கள் கூட்டத்துக்குத் தறி மெக்கானிக்குகள் சிலரும் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவுக்குப் போய் வந்திருந்தார். எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பேர் போன ஊர். ஓணத்துக்கு நெய்து வைத்திருந்த சேலையெல்லாம் சேற்றில் ஊறிப்போயிற்று. அந்தக் கறைச் சேலைகளை வெட்டி ‘சேக்குட்டி’ என்று சின்னப் பொம்மைகள் செய்து விற்று, நெசவாளர்களுக்குக் காசு சேர்த்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த விஷயம். இவர் பார்த்தது சேலையை அல்ல, தறியை. ‘மரம் ஊதிப்போச்சுங்க. அவசரப்பட்டு வெயில்ல வெச்சாங்க, வெடிச்சுப்போச்சு. நெழல்ல காய வெச்சிருந்தா பாதி பொழச்சிருக்கும்’ என்றார். அதையும் நோட்டில் எழுதினேன்.

காங்கயம் போன ஞாயிறு மட்டும் நேர் வழியில் போகாமல் ஊத்துக்குளி வழியாகச் சென்னிமலைப் பக்கம் சுற்றி, ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்துவிட்டுப் போனோம். கூட வந்த இளைஞர்கள் அதைப் பார்த்ததே இல்லை. நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த அணை. சில வருஷங்களிலேயே அது திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்குகிற தொட்டியாகிப் போனது. கீழே இருக்கிற கிணற்றிலெல்லாம் உப்பு ஏறியது. தென்னை கருகியது. தண்ணீர் திறந்துவிடச் சொல்லி மற்ற ஊர் விவசாயிகள் போராடுவார்கள். இந்த அணைக்குக் கீழே இருக்கிறவர்கள் திறந்துவிடாதே என்று போராடினார்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்ற நிலை வந்தது. இன்று அந்த முறைக்காகத் திருப்பூரை வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள்.

அணை மேட்டில் நின்று ஒரு பையன் கேட்டான்: ‘இதுக்கு யாருங்ணா ரிலீஃப் கொண்டாந்தாங்க?’

யாரும் கொண்டுவரவில்லை. புயல் வந்தால் லாரி கிளம்பும். இருபது வருஷம் மெல்ல மெல்ல ஒரு கிணறு கெட்டால் கிளம்பாது. அதே 2011 நவம்பரில், பட்டறைகள் மூடி ஊரே வேலையில்லாமல் கிடந்த வருஷத்தில், ஒரே ராத்திரி மழையில் ஜம்மனை ஓடை பெருகி எங்கள் ஊருக்குள்ளேயே கரையோர வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. உயிர்ச்சேதமும் ஆனது. ஓடைக்கரையில் குடியிருந்தவர்கள் யார்? பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள்தான். வாடகை அங்கேதான் குறைவு. வெள்ளம் எங்கோ தூரத்து ஊர்ச் சங்கதி என்று நினைக்க எங்களுக்கு உரிமை இல்லை. காங்கயம் கூட்டத்தில் நான் பேசியது இதுதான். வேறு எதுவும் பேசவில்லை. அன்று நோட்டில் நாள் கணக்குக் கட்டத்தை யாரும் காலியாக விடவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுக்க எங்கள் திருப்பூரில் பெய்கிற மழையைவிட அதிகம், ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. தாமிரபரணி ஏரல் கடைவீதிக்குள் புகுந்தது.

20ஆம் தேதியோ 21ஆம் தேதியோ, நான் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியில் சிங்கர் டெய்லராக இருக்கும் பெண் என்னை நிறுத்தினார். ஏரல் பக்கத்து ஊர்க்காரர்.

‘அண்ணே, அம்மா பேசினாவ. வீட்டுல கழுத்து மட்டும் தண்ணியாம். மெஷினு முங்கிப்போச்சாம். அதுதான அம்மைக்கு எல்லாமே. எடுத்து ஓட்டிப் பாக்கச் சொல்லட்டா?’

‘ஓட்டாதீங்கன்னு சொல்லும்மா! வீலைத் தொடவே வேண்டாம்’ என்று கத்தியே விட்டேன்.

ஏன் கத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டும். மெஷினுக்குள் போன வெள்ளத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, வண்டல். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். அங்கே எண்ணெய்க்குப் பதிலாக மண் உட்கார்ந்திருக்கிறது. ஓடுகிறதா பார்க்கலாம் என்று வீலைச் சுற்றினால் அது உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி உள்ளே அறுத்துவிடும். மோட்டார் வைத்த மெஷின் என்றால் இன்னும் மோசம். ஈரத்தோடு சுவிட்சைப் போட்டால் காயில் எரியும், ஷாக்கும் அடிக்கும். தண்ணீர் மெஷினைக் கொல்வதில்லை. அவசரம்தான் கொல்கிறது.

அன்று மதியம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வீலைச் சுற்றாதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவுங்கள், காய்ந்த துணியால் ஒற்றுங்கள், எண்ணெய் விடும் ஓட்டையிலெல்லாம் மெஷின் ஆயில் விடுங்கள், அது இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயாவது விடுங்கள், நிழலில் வையுங்கள், நாங்கள் வருகிறோம். அந்தப் பெண் அதை அம்மாவுக்கு அனுப்பினார். அது எத்தனை போனுக்குப் போனது என்று தெரியாது. இரண்டு நாளில் முன்பின் தெரியாத நம்பர்களிலிருந்து மெஷின் படங்கள் வர ஆரம்பித்தன. சேறு பூசிய கறுப்பு மெஷின்கள், சிலவற்றின் பக்கத்தில் விபூதி வைத்த சாமி படம், அதுவும் சேறு பூசி.

நோட்டைத் திறந்தோம். லீவு கேட்ட இடத்தில் ஒரு முதலாளி முடியாது என்றார். ஷிப்மென்ட் இருக்கிறது, அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். இன்னொருவர் வேன் கொடுத்தார், டீசலும் போட்டுக் கொடுத்தார். டிசம்பர் 30 சனிக்கிழமை சம்பள ராத்திரியில் ஐந்து கிளைகளிலிருந்து பதினோரு பேர் கிளம்பினோம். ஸ்பேனர், அலன் கீ, ஸ்குரூ டிரைவர், சுத்தியல், எமரிப் பேப்பர், மோட்டாரில் ஈரம் பார்க்க ஒரு மெக்கர், இருபது லிட்டர் மெஷின் ஆயில், டப்பா டப்பாவாக பாபின் கேஸும் ஊசியும். மண்ணெண்ணெய் இப்போது லேசில் கிடைக்காததால் கழுவுவதற்கு டீசல். வேனில் ஒரு பனியன்கூட ஏற்றவில்லை. அதில் மட்டும் நான் கறாராக இருந்தேன்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி. தாராபுரத்தில் அமராவதிப் பாலத்தில் அந்தக் கிளைக்காரர் ஒருவர் தூக்கில் இட்லியோடு காத்திருந்து ஏறிக்கொண்டார். விடிகிற நேரத்தில் தாமிரபரணிப் படுகைக்குள் இறங்கினோம். வாழைத்தோட்டம் முழுக்கத் தரையோடு படுத்திருந்தது; இலையெல்லாம் சேறு காய்ந்து செம்மண் நிறம். மரக்கிளைகளில் தலைக்கு மேலே துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கித் தொங்கின. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஏரலில் கடைக்காரர்கள் இன்னும் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே சேர்மன் அருணாசல சுவாமி என்று ஒரு கோயில். உள்ளூராட்சிச் சேர்மனாக இருந்து சாமியானவர் என்று சொன்னார்கள். ஊருக்கு வேலை செய்தவரைக் கும்பிடுகிற ஊர் என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

கிராமத்தில் பள்ளிக்கூட வேப்பமரத்தடியை ஒதுக்கித் தந்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் மெஷின்கள் வர ஆரம்பித்தன. தலையில், சைக்கிள் கேரியரில், கைவண்டியில். பெரும்பாலும் கால் மெஷின்கள். கல்யாணத்துக்குச் சீராக வந்தது, சுயஉதவிக் குழுக் கடனில் வாங்கியது, செத்துப்போன புருஷனுடையது. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் பெயர் எழுதி வரிசையில் வைத்தோம்.

அந்த அம்மாவுடைய மெஷினை நானே எடுத்துக்கொண்டேன். மகள் சொல்லை நம்பித் தேங்காய் எண்ணெய் ஊற்றி, பழைய சேலையால் சுற்றி, பரண்மேல் வைத்திருந்தார். தலையைக் கழற்றிக் குப்புறப் போட்டேன். ஷட்டில் ரேஸில் வண்டல் கேக் மாதிரி இறுகியிருந்தது. மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன். இரும்பு போட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் ஆயுசுக்கும் நூல் அறுக்கும். பாபின் கேஸைக் கழற்றியபோது உள்ளே பாபினில் பாதி சுற்று மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. யாருடைய பிளவுஸோ பாதியில் நின்றிருக்கிறது. ஊசிக்கம்பி பிடித்துக்கொண்டு அசையவில்லை. தட்டவில்லை. டீசலில் தலையை அப்படியே முக்கி வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனேன். சாயங்காலம் வந்து விரலால் அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி முக்கினேன்.

‘அண்ணாச்சி, இது ஓடுமா?’ என்று அவர் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது போல.

‘ஓடுமுங்கம்மா. டைம் கொடுக்கோணும்’ என்றேன்.

மறுநாள், ஜனவரி 1, காலையில் அழுத்தினேன். ஒரு நூல் அளவு இறங்கியது. எண்ணெய் விட்டேன். இன்னும் ஒரு நூல். முக்கால் மணி நேரம் அப்படியே ஏற்றி இறக்கி, கறுப்பாக வழிந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகி, பிறகு வெள்ளை எண்ணெய் வெள்ளையாகவே வந்தது. அப்போதுதான் வீலைத் தொட்டேன். சுற்றியது.

பக்கத்தில் பல்லடத்துத் தம்பி மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழற்றி வெயிலில் வைத்து, ராத்திரி அட்டைப்பெட்டிக்குள் நூறு வாட்ஸ் குண்டு பல்பு எரியவிட்டு அதற்குள் காய வைத்து, மெக்கரில் ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் திரும்பப் பெட்டிக்குள். ‘இன்னிக்கே வேணும்’ என்று சண்டைக்கு வந்த ஒரு டெய்லர் கடைக்காரருக்குக்கூட அவன் மசியவில்லை. பிளைவுட் டேபிள்கள்தான் தோற்றுவிட்டன; ஊதிப் பிளந்துபோனதை எதுவும் செய்ய முடியாது. ஊர்த் தச்சர் ஒருவர் தானாக வந்து, வெள்ளத்தில் விழுந்த மரத்தை அறுத்துப் பலகை போட ஆரம்பித்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வந்தார், அவ்வளவுதான்.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு தன்னார்வலர்கள் உட்கார்ந்து சேற்றில் கிடைத்த குடும்பப் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள் என்று முன்பு படித்திருக்கிறேன். போட்டோவைக் கழுவுவதற்கு இத்தனை பேரா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த வேப்பமரத்தடியில், கடன் அட்டையை மெஷின் டிராயரிலிருந்து எடுத்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தபோது புரிந்தது. மெஷின் புதிதாகக்கூட வாங்கித் தரலாம். மாமியார் மிதித்த, மகள் பழகிய அந்தப் பெடல் வராது.

எல்லா மெஷினும் பிழைக்கவில்லை. சிலதைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் வேலையை அவிநாசிப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். ‘இதுக்கு மேல இதுக்குச் செலவு பண்ணாதீங்க தாயி’ என்று அவர் சொல்லும் விதத்தில் யாரும் கோபப்படவில்லை. பிழைக்காத மெஷினிலிருந்து நல்ல பாகங்களைக் கழற்றி ஒரு துணியில் கட்டி அவர்களிடமே கொடுத்தார். விற்றால் காசு.

நான்காம் நாள் ராத்திரி கிளம்பும்போது அந்த அம்மா மஞ்சள் நூல் பிளவுஸைத் தைத்து முடித்திருந்தார்.

பிப்ரவரியில் ஊத்துக்குளியில் கிளைக் கூட்டம். என் தலைவர் பொறுப்பில் கடைசிச் சந்திப்புகளில் ஒன்று. வெண்ணெய்க்குப் பேர் போன ஊர் என்பதால் வேனில் வந்தவர்கள் முதலில் வெண்ணெய்க் கடைக்குத்தான் போனார்கள். கூட்டம் பாதியில் இருக்கும்போது என் போன் அடித்தது. ஏரல் நம்பர்.

‘அண்ணாச்சி, அடில கொர்ருன்னு ஒரு சத்தம் வருது. நூலு சுருண்டு சுருண்டு வருது.’

‘மெஷின் பக்கத்துல போனை வெச்சு ரெண்டு மிதி மிதிங்கம்மா’ என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவே வைத்தேன். நாற்பது பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஊத்துக்குளி டீக்கடை மாடியில் தாமிரபரணிக் கரை மெஷின் ஓடியது. கொர்ர், டக், கொர்ர்.

‘பாபின் கேஸ் ஸ்பிரிங்குக்கு அடியில நூல் துண்டு’ என்றார் ஒருவர். ‘இல்லீங்ணா, ஷட்டில் முனை மழுங்கியிருக்குது’ என்றார் இன்னொருவர். கதவருகே நின்றிருந்த புதுப் பையன், அன்றுதான் சந்தா கட்டி உறுப்பினரானவன், கையைத் தூக்கினான்.

‘மேல் நூல் டென்ஷன் தட்டுக்கு நடுவுல மண்ணு இருக்குமுங்க. நூல் உள்ள உக்காராம மேலாப்ல ஓடுது. ஒருக்கா ஊதச் சொல்லுங்க.’

போனைப் பிடித்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஊதுகிற சத்தம் கேட்டது. பிறகு மிதி.

கொர்ர் இல்லை. அவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தார், நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு செயலாளர் நோட்டை எடுத்து அந்தப் பையனிடம் நீட்டினார்.